விளையாட்டுக்குள் ஒரு தெரு: எந்த மென்பொருளில் கட்டுவது?

கணினி விளையாட்டு உருவாக்கும் ஆசையோடு வரும் பிள்ளைகள், முப்பரிமாண வடிவங்கள் செய்யும் மென்பொருள்களைப் பற்றிப் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "மாயா கற்றுக்கொள்ளணுமா, பிளெண்டர் போதுமா?" கேட்பதில் தவறில்லை. பல மாத உழைப்பையும் பெற்றோர் புரட்டிக் கொடுத்த பணத்தையும் எதில் போடுவது என்று அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். பயிற்சி நிலையங்களும் மென்பொருளின் பெயரையே பாடத்தின் பெயராக வைத்து விற்கின்றன. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் செய்யும் வீடும் மரமும் தெருவும் கடைசியில் எங்கே போய் நிற்கப்போகின்றன?

சினிமாவுக்கான காட்சியில் ஒரே ஒரு ஃபிரேமைக் கணினி மணிக்கணக்கில் வரைந்தாலும் திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. விளையாட்டில் அந்த அவகாசம் கிடையாது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.6 மில்லிநொடி. வெளிச்சம், நிழல், பாத்திரங்களின் அசைவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதும் நம் கையில் இல்லை.

இதன் பொருளை ஓர் ஓட்டு வீட்டை வைத்துப் பார்க்கலாம். மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 வேண்டும். 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் சரிவும் உள்ள கூரையின் ஒரு பக்கத்துக்கே 600 ஓடுகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 1,200. கணினி எந்த வடிவத்தையும் சிறு முக்கோணங்களாகவே வரைகிறது. ஓர் ஓட்டை அதன் வளைவோடும் வரிப்பள்ளங்களோடும் 200 முக்கோணங்களில் செய்தால், கூரை மட்டும் 2,40,000 முக்கோணங்கள். தெருவில் 20 வீடுகள் இருந்தால் 48 லட்சம். கதவு, தூண், திண்ணை எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. சாதாரணக் கைபேசி இதைத் தாங்காது.

அனுபவம் உள்ளவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஓட்டின் வடிவம் கண்ணுக்குப் பிடிபடுவது தாழ்வாரத்தின் விளிம்பில்தான். வானத்தை வெட்டிக்கொண்டு தெரியும் அந்தப் பல்வரிசை. ஆகவே அந்தக் கடைசி வரிசையை மட்டும் உண்மையான ஓடாகச் செய்வார். மேலே உள்ள சரிவு ஒரு தட்டையான பரப்பு. மேடு பள்ளம் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கும் வேலையை நார்மல் மேப் என்னும் படம் பார்த்துக்கொள்ளும். கூரை சில ஆயிரம் முக்கோணங்களில் முடிந்துவிடும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இந்த முடிவை எடுத்தது எந்த மென்பொருளும் அல்ல, அண்ணாந்து பார்த்த கண்.

விளையாட்டை இயக்கும் மென்பொருளை என்ஜின் என்பார்கள். 2022-இல் வெளிவந்த அன்ரியல் என்ஜின் 5-இல், முக்கோணங்களைத் தேவைக்கேற்பத் தானே குறைத்துக்கொள்ளும் நானைட் வசதி முக்கோணக் கணக்கையே ஒழித்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். வலுவான கணினிகளிலும் புதிய கன்சோல்களிலும் அது பெரிய விடுதலைதான். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகமாக விளையாடுவது கைபேசியில்.

சரி, மென்பொருள். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ தொடங்குகிறவர்களுக்கு என் பதில் தயக்கமில்லாமல் பிளெண்டர். இலவசம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்பது. அதை விற்றுவந்த நெதர்லாந்து நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, உருவாக்கியவரான டோன் ரோசெண்டால் பயனாளர்களிடம் நிதி திரட்டினார். ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிளெண்டரின் மூலநிரல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. இலவசமானது தரம் குறைந்ததாக இருக்கும் என்ற ஐயம் வேண்டாம். 2025-இல் ஆஸ்கர் வென்ற லாட்வியாவின் 'ஃப்ளோ' அனிமேஷன் படம் முழுக்க பிளெண்டரில் உருவானது.

மாயாவையும் த்ரீடிஎஸ் மேக்ஸையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய ஸ்டுடியோக்கள் பலவற்றின் வேலைமுறை அவற்றைச் சுற்றியே பல ஆண்டுகளாக அமைந்திருக்கிறது. அப்படி ஓரிடத்தில் சேரப்போவது உறுதி என்றால் அங்கே பயன்படுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு. ஆனால் அதில் செய்ததை விற்க முடியாது, படிப்பு முடிந்தபின் சந்தா கட்ட வேண்டும். பாறை, சிற்பம் போன்றவற்றைச் செதுக்க ஸீபிரஷ் அருமையானது. விதிகளைக் கொடுத்து நூறு கட்டடங்களைத் தானாக எழுப்ப ஹூடினி. இரண்டும் பிற்பாடு வரவேண்டியவை. வடிவத்தின் ஒரு முகத்தை இழுத்து நீட்டுவது, விளிம்பை மழுக்குவது, படம் ஒட்டுவதற்காகப் பரப்பை விரிப்பது (யுவி) ஆகியவற்றை ஒன்றில் நன்றாகக் கற்றவருக்கு அடுத்ததில் மாறுவது பொத்தான்களின் இடம்தான்.

பிள்ளைகள் உண்மையில் மனமொடிந்து நிற்கும் இடம் வேறு. ஒரு மாணவர் இரண்டு மாதம் உழைத்துக் கட்டிய வீட்டை என்ஜினுக்குள் கொண்டுவந்தார். வீடு ஆட்டக்காரரின் கணுக்கால் உயரம் இருந்தது. பிளெண்டரும் யூனிட்டி என்ஜினும் மீட்டரில் எண்ணுகின்றன. மாயாவும் அன்ரியலும் சென்டிமீட்டரில். ஏற்றுமதி செய்யும்போது இதைக் கவனிக்காவிட்டால் நூறு மடங்கு பிசகும். பிளெண்டரிலும் அன்ரியலிலும் மேல்திசை இசட் அச்சு. யூனிட்டியிலும் கோடோ என்ஜினிலும் ஒய். அதனால்தான் சிலருடைய வீடு மல்லாந்து விழுந்து கிடக்கிறது. என்ஜினை முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பிளெண்டரில் இன்னொரு குழி. ஒரு கனசதுரத்தை ஆப்ஜெக்ட் மோடில் நான்கு மடங்கு இழுத்துத் தூணாக்குகிறீர்கள். பிறகு விளிம்புகளை மழுக்கினால் ஒரு பக்கம் அகலமாகவும் இன்னொரு பக்கம் ஒடுங்கியும் வருகிறது. தூணின் அளவு இன்னமும் "ஒன்று, ஆனால் நான்கு மடங்கு இழுக்கப்பட்டது" என்றுதான் மென்பொருளின் கணக்கில் இருக்கிறது. கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை நிலைப்படுத்தினால் போதும். ஒரு நொடி வேலை. தெரியாதவருக்கு ஒரு வாரம் போய்விடும்.

அளவு சரியானதும் உடனே அழகு பார்க்க உட்காராதீர்கள். வெறும் சாம்பல்நிறப் பெட்டிகளால் தெரு முழுவதையும் எழுப்பி, என்ஜினுக்குள் நடந்து பாருங்கள். சந்து மிகக் குறுகலா, கோயில் கோபுரம் தெருமுனையிலிருந்து தெரிகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பெட்டியை நகர்த்த ஒரு நிமிடம் ஆகும். வேலைப்பாடு முடிந்த வீட்டை நகர்த்த மனமே வராது.

அடுத்து, வீடுகளைச் செய்யாதீர்கள். வீடுகள் ஆகக்கூடிய துண்டுகளைச் செய்யுங்கள். 2 மீட்டர் சுவர், கதவுள்ள சுவர், ஜன்னலுள்ள சுவர், ஒரு தூண், ஒரு திண்ணை, ஒரு கூரைத்துண்டு என்று பத்துப் பதினைந்து துண்டுகள் ஒரே கட்ட அளவில் பொருந்தினால் இருபது வீடும் வரும். 2011-இல் வெளியான 'ஸ்கைரிம்' விளையாட்டின் 400-க்கும் மேற்பட்ட நிலவறைப் பகுதிகளைப் பத்துப் பேர்தான் உருவாக்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் முழுநேரமும் இப்படித் துண்டுகள் செய்தவர்கள். மீதி எட்டுப் பேர் அவற்றைக் கோத்தவர்கள்.

பரப்பின்மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரிலும் இதே ஒழுங்கு வேண்டும். 10 மீட்டர் சுவருக்கு 2048 பிக்சல் படம் ஒன்றை நீட்டி ஒட்டினால் மீட்டருக்கு 205 பிக்சல்கூட இல்லை. பக்கத்தில் அரை மீட்டர் குடத்துக்கும் அதே அளவு படம் என்றால் மீட்டருக்கு 4096. குடம் பளிச்சென்றும் சுவர் மங்கியும் நிற்கும். மீட்டருக்கு 512 என்பதுபோல் ஓர் அளவை முதலிலேயே வைத்துக்கொண்டு, சுவருக்குத் திரும்பத் திரும்ப ஒட்டக்கூடிய படத்தைப் பயன்படுத்தினால் இந்த வேற்றுமை எழாது.

கடைசியாக, ஆட்டக்காரர் சுவருக்குள் புகுந்துவிடாமல் தடுக்கும் மோதல் வடிவத்தைத் தனியாக, எளிய பெட்டிகளால் செய்யுங்கள். படிக்கட்டுக்கு ஒரு சாய்தளம் போதும், பாத்திரம் கால் இடறாமல் ஏறும்.

இத்தனையும் தொடங்க ஒரு பைசா செலவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் இறங்குங்கள். வாசற்கதவின் உயரம், படியின் ஆழம், சந்தின் அகலம், நீங்கள் நிற்கும்போது உங்கள் கண் இருக்கும் உயரம் என நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து, அதன் பிறகு பிளெண்டரைத் திறங்கள்.