தராசில் ஏறாத 45,222 உயிர்கள்

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரப் பேரங்காடியில் கறுப்பினத்தவர் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. டெக்ஸாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து வெளியே எடுத்துச் செல்ல லைசென்ஸ் கேட்பவர், ஊரில் எல்லோருக்கும் இல்லாத ஆபத்து தனக்கு இருப்பதாக நிரூபிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் நூறாண்டுக்கும் மேலாக வைத்திருந்த நிபந்தனையை, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. ஆளுநர் கேத்தி ஹோக்கல் கொதித்துப்போய்ச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். துப்பாக்கி உரிமை அமைப்புகள் கொண்டாடின. தெருவில் துப்பாக்கி பெருகினால் உயிர் காக்குமா, உயிர் வாங்குமா என்பதே இரு தரப்பும் மோதிக்கொண்ட கேள்வி. ஆனால், அந்தக் கேள்வியையே இனி நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டதுதான் எனக்குப் பெரிய கவலை.

நியூயார்க்கின் பழைய சட்டத்துக்காக நான் வாதாட வரவில்லை. அது கேட்ட ‘தக்க காரணம்’ இருக்கிறதா இல்லையா என்பதை லைசென்ஸ் அதிகாரியின் மனம் முடிவு செய்யும் இடத்தில், செல்வாக்கு உள்ளவனுக்குக் கதவு திறக்கும், இல்லாதவனுக்குத் திறக்காது. இதைச் சொன்னவர்கள் துப்பாக்கி உரிமைக்காரர்கள் மட்டும் அல்லர். ஏழைகளுக்காக வழக்காடும் பிராங்ஸ், புரூக்ளின் பகுதிப் பொது வழக்கறிஞர்கள் இந்த வழக்கில் சட்டத்துக்கு எதிராகவே மனு கொடுத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் என்பது அவர்கள் அன்றாடம் கண்ட உண்மை. அப்போதே 43 மாநிலங்களில் அதிகாரிக்கு இவ்வளவு விருப்ப அதிகாரம் இருக்கவில்லை. விதித்த தகுதிகள் இருந்தால் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. நியூயார்க்கும் அப்படிச் செய்யட்டும் என்று சொல்லி நீதிமன்றம் நிறுத்தியிருந்தால் எனக்கு மறுப்பே இல்லை.

நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை, அளவுகோலையே மாற்றியது. அதுவரை கீழ் நீதிமன்றங்கள் ஒரு துப்பாக்கிச் சட்டம் எந்த நோக்கத்துக்கு வந்தது, அந்த நோக்கத்துக்கு அது உதவுகிறதா, குடிமகனின் உரிமையை எவ்வளவு சுருக்குகிறது என்று எடைபோட்டுப் பார்த்தன. இனி அந்த எடைபோடல் கூடாது. ஆயுதம் ஏந்தும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் ஏற்கப்பட்ட 1791, அந்த உரிமைக்கு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் பதினான்காவது திருத்தம் வந்த 1868, இந்தக் காலங்களை ஒட்டி இதுபோன்ற கட்டுப்பாடு நாட்டின் மரபில் இருந்ததா என்று மட்டுமே பார்க்க வேண்டும். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரேயர், 2020-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 45,222 பேர் என்ற எண்ணிலிருந்து தொடங்கினார். புதிய அளவுகோலில் அந்த எண்ணுக்கு இடமே இல்லை. இந்த வழக்கே சாட்சியம் ஏதும் விசாரிக்கப்படாமல், தொடக்கக் கட்டத்திலேயே மேலே வந்தது என்பதையும் பிரேயர் சுட்டிக்காட்டினார். யாருக்கு எத்தனை லைசென்ஸ் மறுக்கப்பட்டது, மறுத்ததால் என்ன நடந்தது என்று எவரும் நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. தன் துணைவியைத் தாக்கியதற்காக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளான டெக்ஸாஸ் ஆண் ஒருவர் துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டார். அப்படிப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்னும் கூட்டாட்சிச் சட்டமே செல்லாது என்று 2023-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நாட்டை நிறுவியவர்கள் காலத்தில் அதற்கு ஒப்பான சட்டம் இல்லையாம். எப்படி இருக்கும்? மனைவியை அடிப்பதை வீட்டு விஷயம் என்று விட்டுவிட்ட காலம் அது. பெண்ணுக்கும் அடிமைக்கும் வாக்கு இல்லாத ஒரு சமூகம் எதைத் தடுக்கவில்லையோ, அதை இன்றும் தடுக்கக் கூடாது என்பதுதான் அந்த வாதத்தின் உட்பொருள்.

உச்ச நீதிமன்றமே 2024 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திருத்திவிட்டதே என்பார்கள். உண்மை, அந்த ஒருவர் தாமஸ். பழைய சட்டத்தின் அச்சு அசலான நகல் தேவையில்லை, அதன் அடிப்படைக் கொள்கை ஒத்துப்போனால் போதும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். ஆனால், ‘ஆபத்தானவரிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கலாம்’ என்ற அளவுக்குக் கொள்கையை விரித்தால் எல்லாம் அடங்கும். குறுக்கினால் எதுவும் அடங்காது. எவ்வளவு விரிப்பது என்பதை வரலாறு சொல்லாது, நீதிபதிதான் சொல்வார். உரிமையை ஒவ்வொரு முறையும் எடைபோட்டால் அது உரிமையாகவே இருக்காது என்ற இன்னொரு மறுப்பு முன்னதைவிடக் கனமானது. என்றாலும், அமெரிக்கர்கள் உயிராக மதிக்கும் பேச்சுரிமையில்கூட அரசின் நோக்கம் எவ்வளவு அவசியமானது என்று நீதிமன்றங்கள் பார்க்கத்தான் செய்கின்றன. அதனால் அந்த உரிமை தேய்ந்துவிடவில்லை. பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி அலிட்டோவே, பஃபலோ கொலைகாரனை நியூயார்க் சட்டம் தடுத்ததா என்று கேட்டார். ஆபத்தான இடங்களில் வாழும் சாதாரண மக்களின் அச்சத்தையும் எடுத்துச் சொன்னார். நல்ல கேள்விகள், விடை தேட வேண்டிய கேள்விகள். ஆனால், இவை 1791-ஐப் பற்றியவை அல்ல, இன்றைய உயிர்களைப் பற்றியவை. ஒரு தரப்பின் அச்சம் தீர்ப்பில் இடம்பெறலாம் என்றால், மறு தரப்பின் பிணங்கள் ஏன் இடம்பெறக் கூடாது?

தீர்ப்பு வந்த எட்டாம் நாள் நியூயார்க் புதுச் சட்டம் நிறைவேற்றியது. லைசென்ஸுக்கு 18 மணி நேரப் பயிற்சி வேண்டும். பூங்கா, திரையரங்கு, டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரயில் போன்ற இடங்களுக்குத் துப்பாக்கியோடு வரக் கூடாது என்றது. அதன்மேலும் வழக்குகள் வந்தன. சில பிரிவுகள் நின்றன, சில விழுந்தன. அரசின் வழக்கறிஞர்கள் 1328-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்திலும், சந்தைக்கும் திருவிழாவுக்கும் ஆயுதத்தோடு வரக் கூடாது என்ற பழைய விதிகளிலும் தங்கள் நகரத்துக்கு ஆதாரம் தேட வேண்டியிருந்தது. அவர்கள் காக்க நினைத்த சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதே 1904-இல்தான். நெரிசல் நேரத்தில் ஒரு பெட்டியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அங்கே ஒரு துப்பாக்கி வெடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல அந்த வழக்கறிஞர்களிடம் போதுமான விவரம் இருந்திருக்கும். அதைக் கேட்பது நீதிபதியின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.