ஷெரிப் பீப்பாவும் பிளம்ஸ் வாசமும்

ஸ்கொட்ச் எண்டால் புகை மணக்கவேணும் என்ற கட்சி நாங்கள். லகவுலின், லஃப்ரோய்க் மாதிரி ஐலா தீவுச் சரக்குகள்தான் எங்களுக்கு. ஷெரிப் பீப்பாவில் கிடந்தவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகான இனிப்பு என்று தள்ளியே வைத்திருந்தோம். கிளென்ஃபார்க்ளஸ் 15 வருடப் போத்தல் ஒன்று கைக்கு வந்தபிறகு கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

முதல் மிடறில் பெரிதாக ஒன்றுமில்லை. 46 சதவீத மதுசாரம். ஒரு தேக்கரண்டி தண்ணி விட்டு, பத்து நிமிசம் பொறுத்தால்தான் அது வாய் திறந்து கதைக்குது. பிளம்ஸ், தோடம்பழத்தோல், கறுவா. கிறிஸ்மஸ் கேக் வெட்டின உடனே ஒரு வாசம் வருமே, அது. இனிப்புத்தானே என்று விழுங்கினால் கடைசியில் வோல்நட் தோலின் கசப்பொன்று நிற்கும். அந்தக் கசப்புத்தான் எங்களை மடக்கினது.

இந்த ருசி திட்டம் போட்டு வந்ததல்ல. தெற்கு ஸ்பெயினின் ஹெரேஸிலிருந்து ஷெரி வைன் பீப்பா பீப்பாவாகப் பிரிட்டனுக்குப் போனது. வெறும் பீப்பாவைக் காசு குடுத்து ஆர் திருப்பி அனுப்புவது? ஸ்கொட்லாந்துக்காரர் அதில் விஸ்கியை ஊற்றி வைத்தார்கள். 1980களில் ஷெரி ஸ்பெயினிலேயே போத்தலில் அடைக்கப்படத் தொடங்க, அந்த வழி அடைபட்டது. இப்போது வருபவை பெரும்பாலும் விஸ்கிக்காரரின் ஓடருக்குச் செய்து, ஒன்றிரண்டு வருடம் ஷெரி ஊறவிட்ட பீப்பாக்கள். எங்களுக்கு அதில் மனவருத்தமில்லை. ஆனால் லேபிளில் அதை நேராகச் சொன்னால் என்ன?

பீப்பா சாராயத்தையே மூடிவிடுகிறது என்பார்கள். சில போத்தல்களில் உண்மைதான். வெயிலில் காயவைத்த திராட்சையில் செய்யும் பெட்ரோ ஹிமெனேஸ் ஷெரியின் பீப்பா கை மீறினால் பாணியைக் குடிச்ச மாதிரி இருக்கும். கிளென்ஃபார்க்ளஸில் வடிகலன்களுக்கு நேரடியாக நெருப்பு மூட்டுகிறார்கள். வடிகிற சாராயமே தடித்தது, பீப்பாவோடு மல்லுக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பாதேங்கோ. ஸ்கொட்ச்சுக்குக் கரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. கருஞ்சிவப்பாகத் தெரிகிறதெல்லாம் ஷெரி இல்லை.

எங்களுக்கு உண்மையில் எரிச்சல் தருவது விலைதான். ஷெரிப் பீப்பாவில் 60 வருடம் கிடந்த 1926 மெக்கலன் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சொதபீஸ் ஏலத்தில் இருபது லட்சம் பவுணுக்கு மேல் போனது. வாங்கினவர் அதைத் திறந்து குடிப்பாரோ? எங்களுக்கு நம்பிக்கையில்லை. குடிக்காமல் பூட்டி வைக்கிற ஆக்கள் பெருகப் பெருக, குடிக்கிற எங்களுக்கு இந்தப் பாணி எட்டாமல் போகும். 1865இலிருந்து கிராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கும் கிளென்ஃபார்க்ளஸ் இன்னும் நாலு பேர் காசு சேர்த்து வாங்கக்கூடிய விலையில் இருப்பது அதனாலேயே பெரிய விசயம்.

அடுத்தது அபலௌர் அபூனா. தண்ணி கலக்காமல் 60 சதவீதத்துக்குக் கிட்ட. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணியோடதான் இருக்கப்போறம்.