சித்திரகுப்தன் கணக்கும் இரத்தத்தின் கணக்கும்

காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்கென்றே ஒரு கோவில் இருக்கிறது. ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்து அவர் நம் பாவ புண்ணியத்தை எழுதுகிறாராம். வரதராஜர் கோவில் பல்லிகளைத் தொட்டால் தோஷமும் வியாதியும் போகுமாம். தொடுகிறவர்கள் தொடட்டும். நாம் கேட்பது வேறு.

ஒரு வீட்டில் பாட்டனுக்கு இளநரை. அப்பனுக்கு ஐம்பது வயதில் நுரையீரல் தடித்து மூச்சுத்திணறல். பேரனுக்கோ பத்து வயதிலேயே நகம் சிதைந்து, கழுத்தில் வலைபோல் கருமை படர்ந்து, நாக்கில் வெள்ளைத் திட்டு விழுந்து, இரத்தமும் ஊறாமற் போகிறது. உடனே "குலசாபம் முற்றுகிறது" என்கிறார் ஜோசியர். "மருமகள் வந்த ராசி" என்கிறாள் மாமியார். பாட்டன், அப்பன், பேரன் என்று வந்த வியாதிக்கு வேறு வீட்டிலிருந்து வந்த மருமகள் எப்படி ஜவாப்தாரி ஆவாள்?

நெசவாளத் தோழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சேலை முந்தானையில் குஞ்சம் முடியாவிட்டால் இழை பிரியும் அல்லவா? நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் உள்ள மரபு இழைகளுக்கும் அப்படி நுனிக்கட்டு உண்டு. அதன் பெயர் டெலோமியர். உயிரணு பிரியுந்தோறும் அது சிறிது தேயும். டெலோமரேஸ் என்னும் பொருள் தேய்ந்ததைச் சரிக்கட்டும். இதை ஆராய்ந்த பிளாக்பர்ன், கிரைடர் என்ற இரு பெண்களுக்கும் ஷோஸ்டாக் என்பவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சரிக்கட்டும் வேலை பிறவியிலேயே பழுதானால், ஓயாமல் பெருகவேண்டிய எலும்பு மஜ்ஜையும் தோலும் வாயும் முதலில் களைத்துப்போகின்றன. குறுகிய நுனியே பிள்ளைக்கும் போவதால் ஒவ்வொரு தலைமுறையிலும் வியாதி முந்திக்கொண்டு வருகிறது. ஜோசியரின் "முற்றும் சாபம்" இவ்வளவுதான்! நுனியின் நீளத்தை இரத்தத்திலேயே அளக்கிறார்கள்.

1998-இல் மரபணுவைக் கண்டுபிடித்த ஒரு வகை தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிறது. அதற்கும் தாயைத் தூற்ற நியாயமில்லை. அவள் கேட்டு வாங்கியதல்ல. சில வகைகள் பெற்றோர் இருவரிடமும் பழுது இருந்தால்தான் வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே முடிச்சுப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வியாதியை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. டானசோல் என்னும் மாத்திரையால் பலருக்கு இரத்தம் ஏற்றும் தேவை குறைகிறது. ஆனால் கல்லீரலைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். புகையிலை கூடவே கூடாது. வாயில் புற்று வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே நடக்கிறது. இந்த நோயாளிக்கு முன்மருந்தை வழக்கமான கடும் அளவில் கொடுத்தால் நுரையீரலும் கல்லீரலும் தாங்கா. குறைத்தே கொடுக்க வேண்டும்.

முக்கியமானது இன்னொன்று. மஜ்ஜை கொடுக்க அண்ணனோ தம்பியோ முன்வருவான். பார்வைக்கு அவன் திடகாத்திரமாக இருப்பான். அதே பழுது அவனுக்குள்ளும் ஒளிந்திருக்கலாம். பரிகாரத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் அவன் இரத்தத்தைச் சோதியுங்கள்.