கட்டைவிரலால் எறியும் கல்



சென்ற கோடையில் ஓரிரவு நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கின் இளைஞர்கள் கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பதற்காக, மன்றத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியை நான் திறந்து கொடுப்பது வழக்கம். அன்று சென்னை அணி தோற்றது. மற்றப் பிள்ளைகள் கலைந்த பின்னும் ஒருவன் மட்டும் படியில் அமர்ந்து கைப்பேசியில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன், நல்ல குரல், உச்சரிப்பில் பிழை வராது. “என்ன தம்பி, யாருக்குக் கடிதம்?” என்றேன். அன்று பந்தைத் தவறவிட்ட ஆட்டக்காரரின் பக்கத்தில் எழுதுவதாகச் சொன்னான். “நீதான் நன்றாக வாசிப்பாயே, எனக்கும் வாசித்துக் காட்டு” என்றேன். அவன் வாசிக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, “வேண்டாம் சாமி, அதில் அவருடைய அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறது” என்றான்.

வாயால் சொல்லக் கூசியதை அவன் விரல் கூசாமல் எழுதியிருந்தது. அவன் கெட்ட பிள்ளை அல்லன். ஆதலால்தான் இம்மாதம் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்திலும் ஆட்டக்காரர்களை ஏசுவோர் உண்டு. மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்துகிறவனைப் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பெரியவர் ஒருவர் அதட்டுவார். அவன் கத்தியது காற்றோடு போய்விடும். இன்றோ எழுதுகிறவன் முகம் எவர்க்கும் தெரிவதில்லை. எழுதியதோ நேரே அந்த ஆட்டக்காரரின் உள்ளங்கையிலேயே போய் விழுகிறது. அவர் விடுதி அறையில் தனித்திருக்கும்போது, அப்படிப்பட்ட ஆயிரம் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் காண்கிறார்.

தோல்வியின் வேதனையில்தானே எழுதுகிறார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வர். அதுவும் முழு உண்மையன்று. 2018 மார்ச் 18 அன்று கொழும்பு பிரேமதாச அரங்கில் நடந்த நிதஹாஸ் கோப்பை இறுதியாட்டத்தை நினைவுகூருங்கள். வங்கதேசத்தை வெல்ல இந்தியாவுக்கு 167 ஓட்டங்கள் வேண்டும். அந்தத் தொடரில்தான் இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடிய நம் தமிழகத்து விஜய் சங்கர், 18ஆம் ஓவரில் முஸ்தபிசுர் வீசிய பந்துகளை மட்டையில் வாங்க இயலாமல் தடுமாறினார். 19 பந்துகளில் 17 ஓட்டங்களே எடுத்தார். பின்னர் வந்த மற்றொரு தமிழர் தினேஷ் கார்த்திக் எட்டே பந்துகளில் 29 ஓட்டங்கள் குவித்து, கடைசிப் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்டார். இந்தியா வென்றது. ஆயினும் அன்றிரவு தொடங்கிப் பல நாட்கள் விஜய் சங்கரை ஏளனம் செய்து எழுதியவை கொஞ்சமல்ல. எழுதியவர்களில் நம் தமிழ் பேசுவோரும் உண்டு. கோப்பை நம் கையில் இருக்கும்போதே ஒருவரைக் குதறினோம் என்றால், அதனைத் துயரத்தின் வெளிப்பாடு என்று எப்படிச் சொல்வது?

மறு ஆண்டே, 2019 மார்ச் 5 அன்று, நாகபுரியில் ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஓவரில் 11 ஓட்டங்கள் தேவைப்பட்ட வேளையில், அதே விஜய் சங்கர் பந்து வீசி இரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தி வெற்றி தேடித் தந்தார். முன்பு ஏசியவர்களில் எத்தனை பேர் தாம் எழுதியதை அழித்தார்கள்?

இதைவிடக் கொடியது 2020 அக்டோபரில் நடந்தது. அபுதாபியில் கொல்கத்தா அணியிடம் சென்னை அணி பத்து ஓட்டங்களில் தோற்றது. அதன் பின்னர் தோனியின் ஐந்து வயது மகளைக் குறித்து, இந்தப் பத்திரிகையில் அச்சிட இயலாத ஒரு மிரட்டலை ஒருவர் இணையத்தில் எழுதினார். காவல்துறை தேடிச் சென்று பிடித்தபோது, அவர் குஜராத்தின் முந்த்ராவைச் சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் 16 வயதுப் பையன்! பெற்றோரே, உங்களை இந்த இடத்தில் சற்று நிறுத்த விரும்புகிறேன். அந்த வீட்டிலும் ஒரு தாய் மகனுக்குச் சாப்பாடு பரிமாறியிருப்பாள். பையன் படிக்கிறான் என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பாள்.

கல்வி இருந்தால் இது நேராது என்றும் எண்ண வேண்டாம். 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது, முகமது ஷமியை அவருடைய மதத்தைச் சொல்லி ஏசினார்கள். அணித்தலைவர் விராட் கோஹ்லி வெளிப்படையாக ஷமியின் பக்கம் நின்று கண்டித்துப் பேசினார். அதற்குக் கிடைத்த கைம்மாறு, ஒரு வயதும் நிரம்பாத அவருடைய குழந்தைக்கு மிரட்டல். அதற்காகக் கைது செய்யப்பட்ட ஐதராபாத்து இளைஞர் பொறியியலில் உயர்கல்வி பெற்றவர். 2023இல் புகார் கொடுத்த தரப்பே இசைந்ததால் மும்பை உயர் நீதிமன்றம் அவ்வழக்கை நீக்கியது. அந்த இளைஞரின் எதிர்காலத்தைக் காப்பாற்றியது, அவரால் காயப்பட்டவர்களின் இரக்கமே.

இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வருகிறது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஒப்பாதவர்கள் எனக்கு எழுதலாம். அது பகையிலிருந்து வருவதில்லை. தவறான பக்தியிலிருந்து வருகிறது. மட்டைக்காரருக்கு ஆளுயரப் படம் வைத்துப் பாலூற்றுகிற பழக்கம் நம் நாட்டில் உண்டு. மனிதனைத் தெய்வமாக்கியவனுக்கு, அவன் மனிதன்தான் என்று தெரியும் நாளில் பொறுக்க முடிவதில்லை. பால் ஊற்றிய கையே கல்லை எடுக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கியவன் ஆட்டத்தைப் பார்க்கத்தான் காசு கொடுத்தான். ஆட்டக்காரரை விலைக்கு வாங்கவில்லை.

பணம் கட்டித் தோற்றவர்களின் ஆத்திரமும் இதில் கலந்திருக்கிறது. டென்னிஸ் வீரர்களைக் குறித்து 2024ஆம் ஆண்டில் எழுதப்பட்டவற்றை அத்துறை அமைப்புகள் ஆராய்ந்தபோது, 458 பேரைக் குறிவைத்து ஏறத்தாழ 8,000 வசைகளும் மிரட்டல்களும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு நாற்பது சூதாடித் தோற்றவர்கள் எழுதியவை. நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் சட்டம் தடை செய்தது. தடை இருந்தாலும், பிள்ளை ஏன் ஆட்டம் முடிந்ததும் இத்தனை கொதிப்படைகிறான் என்று தகப்பன்மார் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். நம் மதுரைக்கு அருகிலுள்ள சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை நீங்கள் அறிவீர்கள். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்தவர். பெண் பிள்ளையை ஓட விடுகிறாயே என்று உறவினர் கேட்டதையும் பொருட்படுத்தாத பாட்டி ஆரம்மாள், கூலி வேலை செய்து வளர்த்தார். காலணியின்றி வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண், 2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். அவரோடு ஓடிய மூவரில் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் திருச்சிச் சீமையைச் சேர்ந்தவர்கள். அந்த அணி தன் சுற்றில் கடைசி இடமே பெற்றது. அதற்காக மதுரையில் எவரும் உறக்கம் இழக்கவில்லை. அது நம் பெருந்தன்மையன்று. பெரும்பாலோர் அந்த ஓட்டத்தைப் பார்க்கவேயில்லை. ஒருவரைத் தலைமேல் தூக்கி வைத்து எறிகிறோம். ஒருவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ரேவதியைப் போன்றோரின் பக்கத்தில், “உன் ஓட்டத்தைப் பார்த்தேன் மகளே” என்று ஒரு வரி எழுதுவதற்கும் அதே கைப்பேசி போதும்.

ஆட்டத்தை விமரிசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஓவரை அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது, அந்தப் பந்தை அப்படி அடித்திருக்கக் கூடாது என்று விடிய விடியப் பேசுங்கள், நானும் பேசுகிறவன்தான். ஆனால் பிறப்பும், மதமும், நிறமும், மனைவி மக்களும் ஆட்டத்தில் சேர்ந்தவை அல்ல. பிறர் எழுதிய ஏளனத்தைச் சிரித்துக்கொண்டே மறுவருக்கு அனுப்புவதையும் சிறு குற்றமாக எண்ண வேண்டாம். ஆன்ம சோதனைக்குரிய பழைய செபப் புத்தகங்களில் கோள், புறங்கூறல், அபாண்டம் எல்லாம் வரிசையாக உண்டு. கைப்பேசி அதில் இல்லை என்பதற்காக அது விலக்குப் பெறவில்லை.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். எழுதியதை அன்றிரவே அழித்துவிட்டான். மறுநாள் வந்து, அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டதாகச் சொல்லி வருந்தினான். பிறகு அவனே நண்பர்களிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தான்: ஆட்டம் முடிந்து அரைமணி நேரம் ஆகும்வரை எல்லாருடைய கைப்பேசியும் மன்றத்து மேசையில் உள்ள கூடைக்குள் இருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தன்று கூடையில் பதினொன்று சேர்ந்தன. “சாமியுடையது எங்கே?” என்று கேட்டார்கள். நானும் கொடுத்துவிட்டேன்.