லாக்அவுட்டோடு செய்தியும் போய்விடுமா?

ஜாவா வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: லாக்அவுட் செய்ததும் செஷன் போய்விடுகிறது, அதற்கு மேல் ரீடைரக்ட் வேறு, ஆகவே 'வெளியேறிவிட்டீர்கள்' என்று அடுத்த பக்கத்தில் காட்ட வழியே கிடையாது. ரீடைரக்ட் பற்றிச் சொல்வது சரி. சர்வர் 302 அனுப்புகிறது, பிரவுசர் புதிதாக இன்னொரு ரெக்வெஸ்ட் போடுகிறது, பழைய ரெக்வெஸ்ட்டில் வைத்த அட்ரிபியூட் அங்கேயே முடிந்துவிடுகிறது. செஷன் பற்றிச் சொல்வதுதான் சரியில்லை.

போனது பழைய செஷன் மட்டுமே. இன்வேலிடேட் அழைத்த அடுத்த வரியிலேயே ரெக்வெஸ்ட்டிடம் கெட்செஷன் கேளுங்கள். புது ஐடியோடு காலி செஷன் ஒன்று கிடைக்கும். செய்தியை அதில் வைத்துவிட்டு ரீடைரக்ட் செய்யலாம். பலர் சறுக்குவது வரிசையில். பழைய வேரியபிளிலேயே செட்அட்ரிபியூட் செய்தால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன். ரீடைரக்ட் செய்த பிறகு புது செஷன் கேட்டாலும் அதுவேதான்; ரெஸ்பான்ஸ் கிளம்பிவிட்டபின் குக்கீயை எதில் அனுப்புவது? லாகின் பக்கம் செய்தியைப் படித்த கையோடு அதை நீக்கவும் வேண்டும். ஸ்பிரிங் எம்விசியில் 3.1 முதல் இருக்கும் ஃபிளாஷ் அட்ரிபியூட் இந்த வேலையைத்தான் செய்கிறது: செஷனில் வைக்கிறது, ஒருமுறை காட்டியதும் எடுத்துவிடுகிறது.

'எதற்கு இன்வேலிடேட்? யூசர் அட்ரிபியூட்டை மட்டும் நீக்கினால் போதுமே' என்பார்கள். ஒரு வரிச் செய்திக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது இது. பிரவுசிங் சென்டரில் அடுத்து உட்காருகிறவர் அதே செஷன் ஐடியோடு லாகின் செய்தால், முந்தையவர் பாதி நிரப்பிய படிவமும் கார்ட்டும் அவர் முன் வந்து நிற்கும்.

ஃபார்வர்ட் செய்யலாம் என்பதும் உதவாது. முகவரிப் பட்டியில் லாக்அவுட் முகவரியே நிற்கும். ரீஃப்ரெஷ் செய்தால் லாக்அவுட் மறுபடி ஓடும்.

செய்தியை யூஆர்எல்லில் வைக்கவே கூடாது என்போர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அது முழு வாக்கியத்தை வைப்பவர்களுக்குப் பொருந்தும். 'உங்கள் கணக்கு முடங்கியது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று யாரோ லிங்க் செய்து அனுப்பினால், உங்கள் தளமே அதைக் காட்டும். எஸ்கேப் செய்தாலும் தப்ப முடியாது, அது வெறும் எழுத்துதானே. வாக்கியத்துக்குப் பதில் ஒரு குறியீட்டை வையுங்கள். ஸ்பிரிங் செக்யூரிட்டி, தானாகவே லாகின் முகவரிக்குப் பின் கேள்விக்குறியும் லாக்அவுட் என்ற சொல்லும் சேர்த்து அனுப்புகிறது; எந்த வாசகத்தைக் காட்டுவது என்பது பக்கத்தின் வேலை. ரீஃப்ரெஷ் செய்தால் செய்தி மறுபடி வரும்தான். விடைபெறும் வார்த்தை இரண்டு முறை வந்தால் யாருக்கு நஷ்டம்? லாக்அவுட்டுக்கு என் ஓட்டு இதற்கே: போகிறவருக்காக டாம்கேட்டில் அரைமணி நேரம் ஒரு செஷனைத் திறந்துவைப்பது வீண். புது செஷன் வழியை, ஆளுக்கு ஆள் மாறும் தகவல் இருந்தால் மட்டும் எடுங்கள்.

குக்கீயிலும் வைக்கலாம், அங்கும் குறியீடு மட்டும். டாம்கேட் 8.5 முதல் குக்கீ மதிப்பில் ஒரு இடைவெளி இருந்தாலே எக்ஸெப்ஷன்தான்.