பனிச்சறுக்குக்கு முன் மூச்சுக் கணக்கு

பிப்ரவரி வந்தால் போதும், புதுச்சேரிப் பக்கத்தில் பிரான்சில் சொந்தம் உள்ள வீடுகளின் வாட்ஸ்அப்பில் பனி கொட்டத் தொடங்கிவிடும். அங்கே பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. சித்தப்பா பேரப்பிள்ளைகள் ஆல்ப்ஸ் மலையில் காலில் பலகை மாட்டிக்கொண்டு சறுக்கி இறங்கும் வீடியோ வரும். அதை ஒதியம்பட்டில் கைலியும் பனியனுமாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு, 'நாமும் ஒரு தடவை போனா என்ன?' என்று தோன்றுவது இயற்கைதான். ஷெங்கன் விசா, யூரோ என்று கணக்குப் போட்டதும் ஆல்ப்ஸ் தள்ளிப்போய், காஷ்மீரின் குல்மார்க் பக்கத்தில் வந்துவிடும்.

அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள பாட்டி என்று ஐந்து பேர் கிளம்புவதாக வைத்துக்கொள்ளலாம். "நான் எதுக்கும்மா, வீட்டைப் பார்த்துக்கறேன்" என்பார் பாட்டி. "நீங்க இல்லாம எப்படி அத்தை?" என்பார் மருமகள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முடிவெடுக்க உதவுவது உயரக் கணக்கு. டிக்கெட் விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒதியம்பட்டு கிட்டத்தட்டக் கடல் மட்டம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டா சிகரத்தில் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். அது 2,637 மீட்டர். அந்த உச்சியின் உயரத்தில் அறை எடுத்துத் தூங்குவதுதான் குல்மார்க். ஐரோப்பாவின் மிக உயரமான பனிச்சறுக்கு ஊர் என்று பெயர் வாங்கிய பிரான்சின் வால் தொரான்ஸ்கூட 2,300 மீட்டர்தான். குல்மார்க்கின் கொண்டோலா ரோப்கார் அதற்கும் மேலே போகிறது. முதல் கட்டம் கொங்தூரி வரை, ஏறக்குறைய 3,080 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான்.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை என்று உடம்பு முரண்டு பிடிக்கலாம். இது வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். நன்றாக ஓடியாடும் இளைஞரையும் படுக்க வைக்கும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் சிணுங்கும், சாப்பிட மறுக்கும், விளையாடாது. அப்படி இருந்தால் மேலே ஏறக் கூடாது; குறையவில்லையென்றால் கீழே இறங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதுச்சேரியில் விலை மலிவு என்று பெட்டிக்குள் பாட்டில் வைக்கும் மாமாக்கள் கவனிக்க: முதல் இரண்டு நாள் குடி, இந்தத் தொல்லையைக் கூட்டும்.

பல பேக்கேஜ்களில் ஸ்ரீநகரில் இறங்கிய மறுநாளே குல்மார்க், அன்றே இரண்டு கட்ட ரோப்கார் என்று அடைத்துவிடுகிறார்கள். அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், ஏறக்குறைய ஏற்காடு உயரம். அங்கே இரண்டு இரவு, பிறகு குல்மார்க்கில் இரண்டு அல்லது மூன்று இரவு. குல்மார்க் போன அன்று சும்மா நடப்பதோடு சரி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, பாட்டியை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ ஜிப்மரிலோ காட்டி, ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுவது நல்லது. மலை நோய்க்கு மாத்திரை இருக்கிறது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாட்டி இன்சுலின் போடுபவர் என்றால், மருந்தை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. மருத்துவர் சரி என்றால் பாட்டி வரலாம், கொங்தூரி வரை. இரண்டாம் கட்டம் அவருக்கும் குழந்தைக்கும் வேண்டாம். ஒருவர் அவர்களோடு கீழே இருந்துகொள்ளலாம்.

தேதி இன்னொரு தலைவலி. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லை கலான்' என்னும் கடுங்குளிர்க் காலம். பொங்கல் விடுமுறை அதற்குள் விழுகிறது. பனி நிச்சயம் என்று நினைப்போம். ஆனால் 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பிப்ரவரி சற்றுத் தேவலை, ஆனால் பரீட்சை நெருக்கம். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் பிடிப்பதே புத்திசாலித்தனம். பனி அதிகமானாலும் சிக்கல்தான், ஸ்ரீநகரில் விமானங்கள் நின்றுவிடும். திரும்பும் பக்கம் ஒரு நாள் கையிருப்பு வேண்டும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டதால், கிளம்பும் வாரம் அரசு அறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

உடைக்காகப் பெரிய செலவு தேவையில்லை. கனமான கோட்டும் பூட்ஸும் தங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. பாட்டி புடவையை விட மாட்டேன் என்றால் உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளட்டும். கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும். புதுப்பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும்.

முறையாகக் கற்க விரும்புவோருக்குக் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இரண்டு நாள் குடும்பத்துக்கு, ஊருக்குள்ளேயே உள்ள தாழ்ந்த சரிவில் பதிவு பெற்ற பயிற்றுநர் ஒருவர் போதும். முதல் பாடம் நிற்பது, இரண்டாவது விழுந்தால் எழுவது. பையனுக்கு ஹெல்மெட் கட்டாயம். சின்னவளுக்கு ஸ்லெட்ஜே உலகம். அஃபர்வத் சரிவில் குறியிட்ட பாதையை விட்டு விலகியவர்களில், 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

இரவு அறையையும் யோசிக்க வேண்டும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலை விடுதியில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன இரண்டு குடும்பத்தார் எட்டுப் பேர், அதில் நான்கு குழந்தைகள், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேஸ் ஹீட்டரோடு தூங்கி இறந்துபோனார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குல்மார்க்கில் அறை பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியது: சூடேற்றுவது மின்சாரமா, கேஸா, விறகு புகாரியா? படுக்கையில் மின்கம்பளி உண்டா? கேஸ் என்றால் வேறு விடுதி பார்க்கலாம். புகாரியோ கரி நெருப்பு காங்கிரியோ இருந்தால், படுக்கும் முன் அணைத்துவிட்டோ வெளியே வைத்துவிட்டோ, இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும்.