ஸ்டீயரிங் இருக்கிறது, டிரைவர் எங்கே?

பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேம் ஸ்டீயரிங்குகள் பார்வைக்கு இன்னமும் மிடுக்காகத்தான் இருக்கின்றன. பிடி தேயவில்லை, பெடல்கள் உடையவில்லை. அவற்றோடு வந்த விளையாட்டுப் பெட்டிதான் எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் கார் பந்தய விளையாட்டும் இருக்கிறது. புது ஸ்டீயரிங் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். பழையதைச் செருகினால் ஓடாதா என்ற நப்பாசை எழுவது இயல்பு. செருகிப் பார்த்தால் பெரும்பாலும் கார் முரண்டு பிடிக்கிறது.

முதல் தடை பிளக். 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷன், தனக்கென்று தனி வடிவில் 9 பின் கொண்ட பிளக்கை வைத்திருந்தது. அந்தக் காலத்து ஸ்டீயரிங்கைக் கம்ப்யூட்டரில் சேர்க்க, நடுவில் ஒரு அடாப்டர் தேவை. எல்லா அடாப்டர்களுக்கும் எல்லா ஸ்டீயரிங்குகளின் பாஷையும் புரிவதில்லை என்பதால், எந்த மாடலுக்கு எது பொருந்தும் என்று விசாரித்து வாங்குவதே புத்திசாலித்தனம். 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கதை வேறு. அதன் வயருக்குள் ஓடுவது யு.எஸ்.பி.தான், பிளக்கின் உருவம் மட்டும் மாறுவேடம். 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 இந்த வம்பே வேண்டாம் என்று 2 யு.எஸ்.பி. துளைகளோடு பிறந்தது. அதற்காகச் செய்யப்பட்ட யு.எஸ்.பி. ஸ்டீயரிங்குகளுக்கு எந்த அடாப்டரும் வேண்டாம்.

பிளக் பொருந்திய பிறகுதான் இரண்டாவது சிக்கல் தலைகாட்டுகிறது. லாஜிடெக் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த ஜி25 நல்ல உதாரணம். 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று திரும்பும் சக்கரம், கிளட்ச் உட்பட 3 பெடல்கள், தனி கியர் என்று நிஜக் காருக்குச் சவால்விட்ட சரக்கு. ஆனால் கம்ப்யூட்டரில் செருகியதும் அது தன் நிஜப் பெயரைச் சொல்வதில்லை. தன் முன்னோடியான டிரைவிங் ஃபோர்ஸ் என்ற எளிய மாடல் என்றே அறிமுகம் செய்துகொள்கிறது. காரணம் இருக்கிறது. பழைய விளையாட்டுகளுக்கு அந்த முன்னோடியை மட்டுமே தெரியும். அவை மிரண்டுவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு.

இந்த வேடத்தில் இருக்கும்வரை சக்கரத்தின் வீச்சு சுமார் 200 டிகிரிக்குச் சுருங்கிவிடுகிறது. கிளட்ச் செத்த பெடலாகிறது. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒரே அச்சின் இரு முனைகளாகப் பதிவாகின்றன. ஒன்றை மிதித்தால் கூட்டல், மற்றதை மிதித்தால் கழித்தல். இரண்டையும் சேர்த்து மிதித்தால் விடை பூஜ்யம். வளைவில் லேசாக பிரேக் பிடித்தபடியே வேகம் கூட்ட நினைப்பவருக்கு இது பெரும் இடைஞ்சல். பலர் ஸ்டீயரிங் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி மூட்டைகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் பழுது எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர் என்ற சிறு புரோகிராம் ஒரு சங்கேதக் கட்டளை அனுப்பினால் போதும். ஸ்டீயரிங் ஒரு கணம் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, மறுகணம் சொந்தப் பெயரில் முழுத் திறமையோடு திரும்பி வருகிறது.

அந்த டிரைவர் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்ட பழைய டிரைவர்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. 2021-ல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. தயாரித்தவர்கள் புது டிரைவர் எழுதித் தந்திருந்தால் யோகம். தராவிட்டால், இரும்பும் பிளாஸ்டிக்கும் நன்றாக இருந்தும் பொருள் ஊமையாகிவிடுகிறது. இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸில் நிலைமை தேவலை. ஜி25 போன்ற லாஜிடெக் ஸ்டீயரிங்குகளின் வேடத்தைக் கலைக்கும் வித்தை அதன் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 40 முதல் 900 டிகிரி வரை வீச்சை மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. புரோகிராமின் மூலவடிவம் பகிரங்கமாக இருப்பதால், கம்பெனி கைவிட்டாலும் யாராவது ஒருவர் பராமரிக்க முடிகிறது.

டிரைவர் சரியாக இருந்தும் கார் தள்ளாடினால், திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டியதுதான். பெடலின் அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அதே சமாச்சாரம். தூசு படிந்தால் ரேடியோ கரகரக்கும். இங்கே கார் துள்ளும். எலெக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, பெடலைச் சில தடவை மிதித்துவிட்டாலே பல நேரங்களில் குணம் தெரிகிறது. கைக்கு அதிர்வு தரும் மோட்டார் உள்ள மாடல்களுக்குத் தனி மின்சாரம் வேண்டும். ஜி25-க்கு 24 வோல்ட். தொலைந்துபோன அடாப்டருக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை மாட்டுவது ஆபத்து. மின்சாரம் வந்ததும் சக்கரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தானே சுழன்று மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மையம் அடிக்கடி விலகினால், சுழற்சியை எண்ணும் பிளாஸ்டிக் தட்டில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எதுவுமே பலிக்காத ஸ்டீயரிங்குக்கும் ஒரு மார்க்கம் உண்டு. ஆர்டுயினோ லியோனார்டோ என்ற உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு 2012-ல் வந்தது. பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் பொட்டென்ஷியோமீட்டர் வயர்களை இதில் சேர்த்தால், கம்ப்யூட்டர் இதைச் சாதாரண ஜாய்ஸ்டிக் என்று ஏற்றுக்கொள்ளும். திருப்பத்தை 1,024 படிகளாக அளந்து சொல்லும். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இது தாராளம். மோட்டாரின் அதிர்வு வேண்டுமென்றால் மட்டும் வேலை பலமடங்கு கூடும்.

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். பிரின்டர், ஸ்கேனர் என்று அலுவலகங்களின் மூலைகளில் உறங்கும் சாதனங்களில் பலவற்றுக்கும் இதே வியாதிதான். உடல் திடமாக இருக்கிறது, டிரைவர் இல்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியது. புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. உதிரி பாகமும் செய்முறைக் குறிப்பும் கிடைப்பது அவசியம்தான். ஆனால் ஸ்டீயரிங்கின் ஊமைத்தனத்துக்கு மருந்து உதிரி பாகத்தில் இல்லை. தயாரிப்பைக் கைவிடும் கம்பெனிகள், அந்தச் சங்கேதக் கட்டளைகளையாவது வெளியிட்டுவிட்டுப் போகலாம். சில பக்கங்களில் அடங்கிவிடும் சமாச்சாரம் அது. அது கையில் இருந்தால், பரணில் உள்ள சக்கரத்தை எடைக்குப் போடுவதா ஓட்டுவதா என்பதை அதை வாங்கியவரே தீர்மானித்துக்கொள்வார்.